சும்மா இருக்கிற ஞாயிறு

"அம்மா சும்மாதான் இருக்காக," என்று என் மேலாளரிடம் போனில் சொன்னாள் மகள். மூன்று வாரமாக நகராத, நான் எழுதும் கதை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நகரத் தொடங்கியிருந்தது. சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அதே வார்த்தையை நானும் சின்ன வயதில் ஒருநாள் சொன்னவள்தான்.

அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. ஆறு நாளும் அவர் சட்டையில் ஏலக்காய் வாசம். ஞாயிறு மட்டும் டர்பன்டைன் வாசம். பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கம் படம் வரைவார். அன்று அம்மாவை உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்தார். முதலாளி அனுப்பிய ஆள் வாசலில் நின்று, "அப்பா என்ன செய்றாக?" என்று கேட்டார்.

"சும்மா இருக்காக," என்றேன்.

அப்பா பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டு, காய் சலிக்கப் போனார். ஆறு நாளை வாங்கிக்கொண்ட முதலாளிக்கு ஏழாவது நாளும் தன்னுடையது என்ற நினைப்பு.

"ஏன்டி, அவுக வேலை செய்றது ஒன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் அம்மா. படத்தில் அவளுக்கு இன்னும் வாய் வரையப்படவில்லை.

மகளிடமிருந்து போனை வாங்கினேன்.

"லோடு வந்திருக்கு மேடம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"வேலையா இருக்கேன் சார்."

"ஞாயித்துக்கெழம என்ன வேல?"

"கதை எழுதுறேன்."

"அப்ப சும்மாதான இருக்கீக?"

அப்பா ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன்.

"வர மாட்டேன்."