குருவிகள் அடையும் நேரம்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அவரிடம் எதையாவது வாங்கியிருப்பீர்கள். முறுக்கு, தவணைச் சேலை, மூடி இறுக்கமான டப்பா, பண்டிகைக்கு முதல்நாள் தைத்து முடிந்த ரவிக்கை. அந்த டப்பா இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அதில் அவர் குரல் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

ஜொகூரில், யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். பள்ளியில் கடைசியான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். சம்பளம் வீட்டுக்கு வந்தது. தன் செலவுக்குத் தொழிற்சாலை பஸ்ஸிலேயே கடை போட்டார். முன்சீட்டில் மடிமேல் பெட்டி, பெட்டிக்குள் முறுக்குப் பொட்டலங்கள்.

பஸ் ஓட்டியவர் ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார். "இது பஸ்ஸா, பாசாரா? சந்தக்கட மாதிரில்ல இருக்கு."

"ஓட்டுறது உங்க வேல, விக்கிறது என் வேல. ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே."

அந்த அண்ணன்தான் பிறகு எங்கள் அத்தான். கல்யாணப் பந்தலில் பஸ்காரப் பெண்கள் சிரித்தார்கள். "முறுக்கு வித்தே பஸ்ஸையும் சேத்து வாங்கிட்டாங்க லா."

ஆனால் அவர்கள் இருவருக்கும் பகலும் இரவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன. இரவு ஷிப்ட்காரர்களை அத்தான் இறக்கிவிடும் நேரத்தில் அக்கா தூங்கப் போவார். அக்கா எழுந்து சமைக்கும்போது அத்தான் அடுத்த நடைக்குச் சாவியைத் தேடுவார். ஒருவர் தட்டைக் கழுவும்போது மற்றவர் செருப்பை மாட்டுவார். மகள் பிறந்தாள், படிப்புச் செலவு வந்தது, பக்கத்தொழில்கள் பெருகின. தையல் வந்தது. கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி கட்டிக் கெளுத்தி மீன் வளர்த்தார். ஒரு பெருமழையில் மீன்கள் எல்லாம் தொட்டி தாண்டிச் சாக்கடை வழியே சுதந்திரமாகப் போய்விட்டன.

"பொழுதுக்கும் ஓடுறியேக்கா, காசு சேத்து என்ன செய்யப் போற?" என்று நான் கேட்டதுண்டு.

"ராத்திரி சாப்பாட்ட உங்க அத்தான்கூட உக்காந்து சாப்பிடணும்டா. தினமும். அம்புட்டுதான். அதுக்குத்தான் ஓடுறேன்."

கல்லூரியில் படித்த மகள்தான் 'பேசிவ் இன்கம்' என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "நாம தூங்கும்போதும் காசு வரும்மா."

"நான் எங்கடி தூங்குறேன்? எனக்கு எப்டி வரும்?" என்றார் அக்கா. ஆனால் அந்தச் சொல் அவருக்குள் விழுந்துவிட்டது. கிணற்றில் விழுந்த வாளிபோல் உள்ளே சத்தமிட்டுக்கொண்டே இருந்தது.

கோத்தா திங்கியில் ஆற்றோரமாய் அத்தானுக்கு அவர் அப்பா விட்டுப்போன பழைய மாடிவீடு ஒன்று இருந்தது. அங்கே குடிபோய், மாடியை வாலிட் குருவிகளுக்குக் கொடுத்தார்கள். எச்சிலால் கூடு கட்டுகிற சின்னக் குருவி. சீனர்கள் அந்தக் கூட்டை விலை கொடுத்து வாங்கி சூப் வைத்துக் குடிக்கிறார்கள். சன்னல்களை அடைத்து, ஒரு துவாரம் மட்டும் விட்டு, உள்ளே இருட்டும் ஈரமுமாய்ப் பார்த்துக்கொண்டார்கள். குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். கீச்சு கீச்சென்று நாளெல்லாம் கத்தியது. குருவி மட்டும் வரவில்லை. அத்தான் பஸ் ஓட்டியபடியே இருந்தார். அக்காவின் ஷிப்டும் தீரவில்லை; வீடுதான் வேலையிலிருந்து இன்னும் தூரமாகிப் போனது.

பல வருடம் கழித்து, ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், சில குருவிகள் உள்ளே போய்த் தங்கின. அந்த மழையிலேயே ஆறு ஏறியது.

நான் காரோடு போய் நின்றபோது முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். அத்தான் குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியை மறித்து அக்கா.

"மேல ஏத்திருவோம், வழிய விடு."

"மேல போனா குருவி கலஞ்சிரும்ங்க. ஒருதடவ போச்சுன்னா திரும்பி வராது."

"அப்ப நம்ம?"

"நம்ம மனுசங்கதான. திரும்பி வந்துருவோம்."

குளிர்பெட்டி, கட்டில், தையல் மிஷின் எல்லாம் கீழேயே நின்றன. அரிசி மூட்டையையும் எங்களையும் மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு அக்கா பள்ளிக்கூட நிவாரண மையத்துக்கு வந்தார். இப்படி ஒரு முடிவை எடுக்க எங்கள் குடும்பத்தால் மட்டும்தான் முடியும்.

மையத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. நீளமான மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தான் மெதுவாகச் சொன்னார். "கல்யாணமாகி இப்பதான் நாள் தவறாம உன்கூட சாப்பிடுறேன்."

"அதுக்கு ஆறே வர வேண்டியிருந்துச்சு, பாருங்க."

சிரித்தாலும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் இல்லாத வீட்டுக்குக் குருவி எப்படி வரும்? பக்கத்து வீட்டு மலாய் அம்மாவின் மகனிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. ஒரு சாயங்காலம் அத்தான் அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்து வந்து உட்கார்ந்தார்.

"வந்துச்சுங்களா?"

"முதல்ல சோறு போடு."

"சொல்லுங்கங்க."

"முன்னவிடக் கூடதான் வந்துச்சு. கீழ தண்ணி, சுத்தி ஒரு சத்தம் இல்ல. ஒன்னுவிடாம உள்ள போச்சு."

அக்கா தன் தட்டை இழுத்து அத்தான் தட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

வெள்ளம் வடிந்தபின் தையல் மிஷின் சேறு குடித்துக் கிடந்தது. "தச்சது போதும்னு ஆறே சொல்லிருச்சு" என்றார். கொஞ்ச காலத்தில் குருவிகள் கூட்டமாயின. ஷிப்ட் நின்றது, பிறகு பஸ்ஸும் நின்றது. முதல் கூடுகளை அக்கா விற்கவில்லை, சூப் வைத்தார். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பில்லாத சேமியா மாதிரி இருக்கு" என்றார். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று இருவரும் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்கள்.

அக்கா பணக்காரர் ஆகவில்லை. குருவிகள் தந்த காசில் அவர் வாங்கியது சாயங்காலங்களை. வாசலில் இரண்டு நாற்காலி, மடியில் தட்டு, செம்பனை மரங்களுக்கு மேல் வானம் மங்க மங்கக் கரும்புள்ளிகளாய்த் திரும்பும் குருவிகள். அந்த நேரத்தில் முறுக்குக் கேட்டுப் போன் செய்தவர்கள் அறிவீர்கள். "குருவி வர்ற நேரம், அப்புறம் கூப்பிடுங்க."

நோய் வந்து ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் படுத்தபோது, வார்டில் சாப்பாடு சீக்கிரமே வந்துவிடும். அக்கா மூடி வைத்திருப்பார்.

"ஆறிரும் லா, ஆண்ட்டி" என்பார் தாதி.

"ஆறட்டும்மா. அவர் வரட்டும்."

வீட்டுக்குத் திரும்பித்தான், ஒரு காலையில், அமைதியாகப் போனார்.

பதிவுச் சத்தத்தை இத்தனை ஆண்டு பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், படகு தந்த அந்த வீட்டுக்கும், சேறு கழுவ வந்த கைகளுக்கும், ஆறிய சோற்றைச் சூடாக்கித் தந்த தாதியர்க்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒன்று. அக்கா போனதிலிருந்து அத்தான் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறார். ஆகவே இன்று வழக்கம்போல் மதியத்தில் பந்தி இல்லை. பூசை முடிந்து, குருவி அடையும் நேரத்தில், வாசலில் இலை போடுகிறோம். அவசரம் இல்லாதவர்கள் இருங்கள். அத்தானுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போய் உட்காருங்கள். ஏதும் பேச வேண்டாம். சாப்பிடுங்கள்.