வெடித்த நட்சத்திரத்தின் வயதும் என் வயதும்

வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளந்து, அதன் வயதைச் சொல்வது என் வேலை. என் வயதைக் குறைத்துச் சொல்வது என் அம்மாவின் வேலை. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இராயபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது எனக்கு முப்பத்து நான்கு. அம்மாவின் கணக்கில் இருபத்தொன்பது. ஐந்து வருஷத்தை ஒரே மூச்சில் காணாமல் அடிக்கிற துணிச்சல் எங்கள் துறையில் ஒருவருக்கும் கிடையாது.

உண்மை வயதை மாப்பிள்ளையிடம் நான் முன்பே போனில் சொல்லியிருந்தேன். "அதெல்லாம் ஒரு மேட்டரா? எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றான். கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியை விடாதே என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. என் உண்மை வயதை அவன் சொல்லப்போகிறான் என்றுதான் பட்டுப்புடவையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன்.

போண்டா வந்தது. "நீ இன்னா வேலம்மா பண்ற?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். இதை யாராவது கேட்டுவிட்டால் என் வாய் நிற்காது.

"வெடிச்ச நட்சத்திரத்த சில வருஷம் விட்டு ரெண்டு படம் எடுப்போம்மா. நகராத நட்சத்திரத்த அடையாளமா வச்சி ரெண்டையும் பொருத்திப் பாத்தா, எவ்ளோ விரிஞ்சிருக்குன்னு தெரியும். வருஷத்துக்கு இவ்ளோன்னா, மொத்த அளவுக்கு எத்தினி வருஷம்? அதான் வயசு."

அந்தம்மா தலையாட்டிவிட்டு, தரகர் அனுப்பியிருந்த என் படத்தைப் போனில் திறந்தார். பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் படம் என்றால் கல்யாணம் ஆகும்வரை அதே படம்தான். என் மூக்குத்தியை நகராத நட்சத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அதையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் முறையைப் பிடித்துக்கொண்ட மாணவர் எனக்கு வாய்த்ததே இல்லை.

"இருவத்தொம்போதுன்னு சொன்னீங்க. கணக்கு இடிக்குதே?"

"அப்படி நேரா வகுக்கக் கூடாதும்மா" என்றேன், வாயை மூடிக்கொண்டு இருக்காமல். "மொதல்ல வேகமா விரியும், அப்புறம் வேகம் கொறைஞ்சிடும். அதனால நெசமான வயசு, வகுத்து வர்றத விடக் கம்மியாத்தான் இருக்கும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டுக்குங்க அண்ணி, அவளே சொல்லிட்டா. கம்மியாத்தான் கீது."

"நட்சத்திரத்துக்கு எத்தினி வயசானா இன்னா?" என்றார் அந்தம்மா. "அது இன்னா புள்ள பெத்துக்கப் போவுதா?"

எனக்கு வலித்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் பேச வேண்டிய இடம் இதுதான். அவன் வாயிலிருந்த போண்டாவை மென்று விழுங்கினான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஹார்பர் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க லைன் கட்றதுக்குள்ள கெளம்பலாம்மா" என்றான்.

அவனுக்கு நாற்பது. அதை அவர்கள் வீட்டில் யாரும் குறைத்துச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.