சவரிமுத்து சுமந்த என் பிழை

சவரிமுத்து இறந்த செய்தியைத் தலவாக்கலை பஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். "நம்ம வடைக்காரு சவரிமுத்தண்ணன் போயிட்டாருங்க சேர்." ஊர் அவருக்கு 'வடைக்காரு' என்று பெயர் வைத்ததில் எனக்கும் பங்குண்டு. பங்கு அதோடு முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறகு ஒரு பழைய டீசல் காரை வைத்துக்கொண்டு டயகமப் பக்கத்து மக்களை ஆஸ்பத்திரிக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஏற்றிச் சென்றார். டீசல் விலை ஏறிக்கொண்டே போன காலம். கடைகளில் வடை பொரித்து மிஞ்சும் தேங்காய் எண்ணெயில் கார் ஓட்ட முடியுமா என்று, இரசாயனம் படிப்பித்த என்னிடம் கேட்டு வந்தார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார். காரைப் பற்றி எதுவும் தெரியாது. மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் எவ்வளவு என்று நிறுத்துக் கொடுப்பேன். அவர் என் வீட்டுக் கொட்டிலில் கலக்கி, அடியில் படியும் கிளிசரினை வடித்துவிட்டு, மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுப்பார். "அளவு ஒங்களோடது, கை என்னோடதுங்க" என்பார்.

கார் போன வழியெல்லாம் வடை வாசம். "அண்ணே, ஒங்க காரு வந்தாலே பசிக்குது!" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் கத்துவார்கள். "டீத்தண்ணிய ஊத்தி வைங்க, வடையோட வாறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்.

மலைக்குளிரில் இந்த எண்ணெய் உறையக்கூடும். ஆகவே ஒவ்வொரு கலவையிலும் ஒரு போத்தலை இரவில் மதில்மேல் வைத்து, விடிந்ததும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு தை மாதம் அவர் சொன்னார்: "கடையில எண்ணெய மாத்திட்டாங்க சேர். பாம் ஒயிலாம், சீக்கிரமா ஒறஞ்சிருமாம். நல்லாப் பாத்துச் சொல்லுங்க." எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே போகச் சோம்பல்பட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வந்து, "பாத்தீங்களா சேர்?" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு நின்றவரிடம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஓம், பார்த்தனான். தெளிவாய்த்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் என் மாணவி புஷ்பத்துக்கு நுவரெலியாவில் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு. சவரிமுத்துவின் காரில் அவளுடைய அப்பாவும் நானும் உடன் போனோம். பாதி வழியில் கார் இருமி நின்றது. சவரிமுத்து எண்ணெய் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே உறைந்த நெய் போல வெள்ளையாக அடைத்திருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்து லயத்து வீடுகளுக்கு ஓடி, கொதிநீர் வாங்கி வந்து ஊற்றினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள்.

புஷ்பத்தின் அப்பா நடுரோட்டில் நின்று கத்தினார். "எம் புள்ள வாழ்க்கைய வடச்சட்டியில போட்டுப் பொரிச்சிட்டியேய்யா!"

"தப்பு என்னோடதுங்க. நாந்தான் கவனிக்கல" என்றார் சவரிமுத்து.

நான் கைக்குட்டையை மடித்தபடி பக்கத்தில் நின்றேன்.

அதன்பின் அவசரத்துக்கு அவர் காரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கலவைக்கு மதில்மேல் போத்தலை அவரே வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷமே காரை விற்றார். என்னைக் கண்டால் எப்போதும் போலச் சிரித்துப் பேசுவார்.

சாவு வீட்டில் அவருடைய மனைவி லூர்துவிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவர் தடுத்தார்.

"தெரியுங்க சேர். சேரு பாக்காமயே பாத்தேன்னுட்டாருன்னு அன்னைக்கே சொன்னாரு. 'அப்பறம் ஏன் நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க'ன்னு அவருகிட்ட சண்ட போட்டேன். 'நா காரு ஓட்டலேன்னா வேற ஆளு ஓட்டுவான், சேரு பொய் சொன்னது தெரிஞ்சா புள்ளைங்க அவருகிட்ட என்னத்தப் படிக்கும்'னாரு. நீங்க டீயக் குடிங்க, ஆறுது."

புஷ்பத்துக்கு அந்த அழைப்பு மறுபடி வரவில்லை. இன்று அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும், அந்தக் காரில் ஏற மறுத்த எல்லோருக்கும் சொல்கிறேன்: போத்தலை நான் வைக்கவே இல்லை. பொய் சொன்னவன் நான்.

சவரிமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் காப்பாற்றித் தந்த 'சேர்' என்ற மரியாதை. இனி என்னை அப்படிக் கூப்பிடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.