இங்கே தண்ணீர் வராது

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சீர்காழிக்குக் கிழக்கே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது ஊர். மேட்டில் பண்ணையாரின் வீடும் நெல்லடிக்கும் களமும் இருந்தன. வயலாக்கவும் லாயக்கில்லாத பள்ளத்தில், வடிகால் வாய்க்காலை ஒட்டி, பண்ணையில் வேலை செய்த எங்களுக்குக் குடிசை போட இடம் விட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் கடல் தண்ணீரை வாங்காது. வடிகால் எதிர்த்துக்கொண்டு திரும்பும். திரும்பினால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஆனால் இதை எங்கள் தெருவில் யாரும் வெளியாளிடம் சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, பண்ணையாரோடு கூலித் தகராறு வந்தால் மறுநாளே குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். பிறகு சட்டம் வந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்றது. மேடைகளில் கைதட்டல் பலமாக இருந்தது. ஊரில் அவ்வளவு சுலபமாக இல்லை. பண்ணையார் தரப்பில் ஒரு மனு போட்டார்கள்: இது வடிகால் பள்ளம், வருஷா வருஷம் வெள்ளம் புகும், மனுஷர் வசிக்கத் தகுதியில்லாத இடம், இவர்களை வேறெங்காவது அனுப்புங்கள் என்று. எங்கள் மேல் அவருக்கு அதுவரை இல்லாத அக்கறை திடீரென்று பொங்கிவிட்டது. அந்த 'வேறெங்காவது' எங்கே என்று மட்டும் மனுவில் இல்லை.

விவசாயக் கூலிச் சங்கத்தின் கொடிக்கம்பத்தடியில் தெரு கூடி ஒரு முடிவு எடுத்தது. எந்த அதிகாரி வந்து என்ன கேட்டாலும், இங்கே தண்ணீர் வராது என்றுதான் சொல்ல வேண்டும். அதை உரக்கச் சொன்னவர் என் அப்பா. அப்போது அவர் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பெண்கள் எல்லா வீட்டுச் சுவரையும் சேறும் சாணியும் குழைத்துப் பூசி, வெள்ளம் விட்டுப்போன கோட்டை மறைத்துவிட்டார்கள். அவர் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டார். சில மாதம் கழித்துப் பட்டா வந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு தடவை பலித்த வார்த்தை வாயிலேயே தங்கிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் செருப்புகள் வாசலில் மிதந்துகொண்டிருந்தன. அப்போதும் அப்பா, "இங்கல்லாம் தண்ணி நிக்காதுங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. வெள்ள நிவாரணம் ரேஷன் கார்டுக்கு வந்தது. பயிர் காப்பீடு மொத்த கிராமத்துக்கும் கணக்குப் பார்த்து வந்தது. உன் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் என்று தனியாக யாரும் கேட்கவில்லை.

நான் படித்து, தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியையானேன். அம்மா போன பிறகு வங்கியில் கடன் வாங்கி அப்பாவுக்கு ஒரு காங்கிரீட் வீடு கட்டினேன். மேட்டில் ஒரு மனை விலைக்கு வந்தது, வாங்கலாம் என்றேன். சண்டை போட்டு வாங்கிய இடத்தை விட்டு வரமாட்டேன் என்றார். சரி, அடித்தளத்தையாவது இடுப்பு உயரத்துக்குத் தூக்கலாம் என்று கொத்தனார் சொன்னார்.

"தூக்குனா இங்க தண்ணி வருதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். ரோட்டு மட்டம் போதும்" என்றார் அப்பா. ரோட்டு மட்டத்துக்கே கட்டினோம். அதன் பிறகு தேர்தல் வந்தபோதெல்லாம் ரோடும் வந்தது. பழசைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எனக்கு ரோடு போட்டவர்கள் மேலும் கோபம் வரும், அப்பா மேலும் கோபம் வரும்.

கடன் முடிந்ததும், வங்கி எடுத்திருந்த காப்பீடும் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நானே ஒன்று எடுக்க நினைத்து ஒரு ஏஜென்ட்டை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பொறுமையான மனிதர். கட்டடம் வேறு, உள்ளே இருக்கிற சாமான் வேறு, இரண்டுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும் என்றார். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு என்றார்.

"மனைக்கு?" என்று கேட்டார் அப்பா.

"மனைக்குக் கிடையாதுங்கய்யா. மனை எங்க போயிடப்போவுது?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் போய்விடும் என்று பயந்தது அந்த மனை ஒன்றுக்குத்தான்.

"வீட்டுக்குள்ள எப்பவாச்சும் வெள்ளம் வந்துருக்குங்களா?"

"இங்க தண்ணி வராது தம்பி."

"வந்துருக்கு சார். பல தடவ வந்துருக்கு. அப்படியே எழுதுங்க" என்றேன்.

"அதான் மேடம் நல்லது. இப்ப மறைச்சா, நாளைக்குப் பணம் கேக்குறப்ப அதையே காரணமா சொல்லி நிறுத்திடுவாங்க."

பிரீமியம் கூடியது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். போனில் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார். மற்றவர் முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டேனாம். எனக்கும் வீம்பு, நானும் சமாதானம் சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே புயல் வந்தது. தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தங்கப் போனது. தண்ணீர் வடிந்ததும், காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை எதையும் தொடவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். படம் எடுத்து வைக்கச் சொல்லத் தோன்றவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் புறப்பட்டேன். சர்வேயரும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

வாசலிலேயே சுண்ணாம்பு வாசனை. தரை கழுவிவிடப்பட்டிருந்தது. நனைந்த மெத்தையைக் காணோம், பீரோவைக் காணோம். நான்கு சுவரும் பளிச்சென்று வெள்ளையடிக்கப்பட்டிருந்தன. அப்பா ஆள் வைத்து, தானும் சேர்ந்து அடித்திருக்கிறார். கையில் சுண்ணாம்போடு நடுவீட்டில் நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் "ஏம்ப்பா!" என்றேன், அவ்வளவுதான்.

சர்வேயர் இளைஞர். சுற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சங்கடமாகச் சொன்னார்: "மேடம், தண்ணி நின்ன அடையாளம் ஒண்ணுமே இல்லியே. நான் என்னன்னு எழுதுறது?" பிறகு அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

இதே கேள்வியைக் கேட்டுத்தான் அன்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் நின்றிருப்பார். அப்பா சுவரைப் பார்த்தார். நான் குறுக்கே பேசவில்லை. பேசினால் வீம்புக்கு, 'தண்ணீர் வராது' என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வாளித் தண்ணீரில் நனைத்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தேய்த்தார். ஈரம் காயாத சுண்ணாம்பு வழிந்து இறங்கியது. உள்ளிருந்து பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார், கோடு நீண்டது.

"இதுவரைக்கும் வந்துச்சு" என்றார். "எப்பவும் வரும். ஆரம்பத்துலேர்ந்தே வரும்."

சர்வேயர் போனை எடுத்துப் படம் பிடித்தார். வீங்கிப்போன கதவைத் தட்டிப் பார்த்தார். மெத்தையும் பீரோவும் எங்கே என்று கேட்டார். கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதாக அப்பா சொன்னார். சர்வேயர் குறித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா அவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, சொல்லிட்டேன்ல. இதை வச்சு எங்கள காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களே?"

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. "காலியா? யாருங்கய்யா சொல்லுவா? இது உங்க வீடுதானே?"

பண்ணையார் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் வீட்டை யாரோ வாங்கிக் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். இத்தனை காலமும் அப்பா யாருக்குப் பயந்தார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆமா. என் வீடுதான்" என்றார் அப்பா. துண்டை மறுபடி நனைத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார்.