பேசும் கம்பி, கேட்கும் கம்பி

போன ஞாயிறு பகாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கல்யாணம். பொண்ணோட அம்மா அஞ்சலை எங்கே இருந்தார் தெரியுமா? மண்டபத்துக்கு வெளியே, சமையல் கொட்டகையில்!

புருஷன் இல்லையாம். தாலி கட்டும்போது மணவறைப் பக்கம் வரக்கூடாதாம். பால் மரம் வெட்டி, ஒத்தை ஆளாக அந்தப் பொண்ணை வளர்த்தவருக்கு இந்த மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்குத்தான் வெளிய டிவி வச்சிருக்கோம்லா," என்றார் பொண்ணோட சித்தப்பா. பெருந்தன்மையாம்!

"அப்படின்னா உங்க பொண்டாட்டியும் டிவியிலயே பாக்கட்டும்" என்றேன். நகர்ந்துவிட்டார்.

டிவி இருந்தது... படம்தான் இல்லை. வீடியோ எடுக்க வந்த குமார், கேமராவை மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் ஓடவிட்டு வந்திருந்தார்; டிவி ரிமோட்டைத்தான் சிரம்பானில் இருக்கும் தன் கடையிலேயே மறந்துவிட்டார். டிவியில் இருந்த பட்டனும் செத்துப்போயிருந்தது.

"கவலப்படாதீங்கக்கா. கம்ப்யூட்டர்ல தட்டுனா தானா எரியும்."

கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவில், கட்டளை அனுப்பும் சீரியல் கேபிள் ஒன்றை மாட்டினார். தட்டினார். ஊஹும். மறுபடி தட்டினார். டிவி அசையவில்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் — எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு கம்பியில் எப்படியப்பா கட்டளை போகும்?

"ஒரு கம்பி பேசுறதுக்கு, இன்னொன்னு கேக்குறதுக்கு. இந்தக் கேபிள் நேரா போவுது. கம்ப்யூட்டர் பேசுற கம்பி, டிவி பேசுற கம்பியிலயே போய் முட்டுது."

"அப்ப கேக்குறது யாரு?"

"யாருமில்லக்கா."

எங்கள் கோயில் கமிட்டி மீட்டிங்கேதான்!

குமார் கேபிளை நடுவில் வெட்டி, அந்த இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கினார். உள்ளே ஐயர் மந்திரத்தை வேகப்படுத்திவிட்டார். "சீக்கிரம் தம்பி, பெத்தவ பாக்கணும்!" என்று கத்தினேன். டேப் சுற்றினார். தட்டினார்.

திரை ஒளிர்ந்தது! இரண்டே கம்பி... எவ்வளவு சின்ன விஷயம்!

"அஞ்சலை, ஓடியா, படம் வந்துருச்சு!" என்று திரும்பினேன். கொட்டகையில் ஆளில்லை. அகப்பை அண்டாவில் கிடந்தது.

டிவியில் இருந்தார் அஞ்சலை. சேலையில் சாம்பார்க் கறை. மாப்பிள்ளை முடிச்சுப் போட, மகளின் பின்னலை ஒதுக்கிப் பிடித்திருந்தது அவர் கைதான்.

படத்தில் அவருக்குப் பின்னால் சித்தப்பா கையை ஆட்டி என்னமோ கத்தினார். மேளச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்?