பிடுங்காமல் விட்ட மல்லாட்டை

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அந்த வருஷம் கம்மாபுரத்தை ஒட்டியிருந்த எங்கள் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது என்று முடிவாகியிருந்தது. கடலை முற்றி, இலையெல்லாம் பழுத்துவிட்டது. சுற்றிலும் எல்லோரும் பிடுங்கிக் காயவைத்தாயிற்று. அப்பா மட்டும் அசையவில்லை.

“பயிர் நிக்கிற நெலத்துல மண்ணு வெட்டுற வண்டிய எறக்க மாட்டாங்க. நிக்கட்டும்,” என்றார்.

இதுதான் அவர் போட்ட கணக்கு. வருஷத்துக்கு எண்ணெய் ஆட்ட வேண்டாமா, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிடிவாதத்தில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பாழாய்ப்போன பிடிவாதம் எனக்கும் வந்திருக்கிறது, என்ன செய்ய.

மழை வந்தது. ஒரு வாரம் விடாமல் ஊற்றித் தள்ளியது. விட்டதும் போய்ப் பார்த்தால், பழுத்த செடிகளின் காலடியில் மண்ணைப் பிளந்துகொண்டு புதுத் துளிர். நாங்கள் போட்டிருந்த ரகம் முற்றியபின் ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, முளைத்ததையெல்லாம் கூடையில் பொறுக்க ஆரம்பித்தாள். செக்கில் கொடுத்தால் கொஞ்சமாவது தேறாதா என்கிற நப்பாசை. நான் அப்போது சுரங்கத்து டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. முளைக்கிற விதை தனக்குள் சேர்த்துவைத்த எண்ணெயை உடைத்துச் சர்க்கரையாக்கி, வேருக்கும் தண்டுக்கும் அனுப்பும் என்று அந்த மாதம்தான் படித்திருந்தேன். இலை பச்சையாகி வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும்வரை அதற்கு வேறு கதி இல்லை. ஒரு பருப்பை எடுத்துத் தாளில் நசுக்கித் தேய்த்தேன். நல்ல மல்லாட்டை என்றால் எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரியும். இதில் ஈரம் காய்ந்ததும் மங்கலாக ஒரு தடம்தான் மிஞ்சியது.

“எண்ணெய செடி தின்னுடுச்சும்மா,” என்றேன்.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவின் முகம்தான் மலர்ந்தது.

“அப்ப செடிக்கு சத்து எறங்கிக்கினு இருக்குது. பொழைச்சிக்கும்,” என்றார்.

மறுநாளே பழைய செடிகளைக் களைந்து போட்டு, முளைகளுக்கு மண் அணைத்தார். இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் போய்க் களை பறித்தேன். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

செடி பூவெடுத்த சமயத்தில் வண்டி வந்துவிட்டது. அப்பா வரப்பில் குறுக்கே நின்று, பயிர் நிற்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஓட்டிவந்தவர் மந்தாரக்குப்பத்தில் குடியிருந்த ஆள், விவசாயம் தெரிந்தவர். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வரிசையில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற செடிகளைப் பார்த்தார்.

“இது தானா மொளைச்சதுங்க. நீங்க வெதைச்சது இல்லீங்களே. பயிர்க் கணக்குல வராதுங்க,” என்றார், தாழ்ந்த குரலில்.

விதைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். ஆமாங்க, தானா மொளைச்சதுதான் என்று சொல்லிவிட்டு, வரப்பைவிட்டு இறங்கி வழிவிட்டார்.