கோயிம்ப்ராவில் கை தட்டமாட்டார்கள்

போன சனிக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் எடுக்கச் சிவப்பு வலைப்பையைப் பிரித்தேன். காய்ந்த தோலும் மண்ணும் கலந்த வாசனை ஒன்று எழுந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஆனியன்ஸ்" என்றாள் மகள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பிறப்பதற்கு முந்தைய வாசனை அது.

இன்றைக்கு எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெரிய மனுஷியாக வலம் வருகிறேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஒன்றரை வருஷம், நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் ஒரு ஷெட்டில் வெங்காயம் பொறுக்கினேன். ஓடுகிற பெல்ட்டிலிருந்து அழுகலை எடுத்துப் போடும் வேலை. ஊரில் அம்மாவிடம் விவசாயத் துறை என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லையே. காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து விழும்போது வெங்காயத் தோல்கள் பொன்னிறமாக மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது.

அந்த மிதப்புக்கு அந்தப் பக்கம் துவார்த்தே நிற்பார். போர்ச்சுகல்காரர், நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் கோயிம்ப்ரா என்றார். நான் கோயம்புத்தூர். பெயரைக் கேட்டதுமே பக்கத்து வீட்டுக்காரரைக் கண்ட மாதிரி ஒட்டிக்கொண்டேன். எல்லோரும் கைக்கு ஒரு கையுறை போட்டால் இவர் வலது கைக்கு மட்டும் இரண்டு போடுவார். உள்ளே கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீள நகம். அவர்கள் நாட்டுப் பன்னிரண்டு கம்பிக் கிதாரை நகத்தால்தான் மீட்டவேண்டுமாம். வாசிப்பை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்பார். பிறகு நகம் எதற்கு என்று கேட்டால், "நாளைக்கு வெட்டிடுவேன்" என்பார். வாராவாரம் இதே பதில்தான்.

பெல்ட் பழுதாகி நிற்கிற நேரங்களில் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அண்ணன் ரூய் பாடுவார், இவர் வாசிப்பார். கல்லூரிப் படிக்கட்டுக்கு அடியில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பழகிய பாட்டு. லிஸ்பனிலிருந்து ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வந்தது. குரல் மட்டும் போதும், வாசிக்க எங்களிடமே ஆள் இருக்கிறது என்றது. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பியிடம் சொல்லாமல் இருந்துவிட்டார். ஒரு கடைவாசலில் அண்ணன் குரலையும் அதற்குப் பின்னால் வேறு யாருடைய விரல்களோ ஒலிப்பதையும் கேட்டுத்தான் இவருக்கு விஷயம் தெரிந்தது. ஊரைவிட்டுக் கிளம்பியவர் உலகத்தில் நிலம் தீர்ந்துபோகிற இந்தக் கோடிவரைக்கும் வந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ரூய் இங்கே வந்து, கிளென் ஈடனில் ஒரு சின்ன ஹாலில், ஞாயிறு மதியம் பாடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். துவார்த்தே இரண்டு வாரம் அந்த நோட்டீஸ் இருந்த பக்கமே போகவில்லை. பிறகு கூட வரமுடியுமா என்று கேட்டார். தான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கினார். "அவன்தான் என்னைத் தேடணும். நானா போய் நிக்கமாட்டேன்."

என்னிடம் வாக்கு வாங்கியது அவர் நேரம். எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து ரஞ்சி அக்காவிடம் கார் கேட்கப் போன இடத்திலேயே அத்தனையும் உளறிவிட்டேன். அக்கா காரைத் தந்தார், கூடவே ஒரு குட்டும் வைத்தார். "உமக்கு ஓட்டை வாய், தங்கச்சி. பாவம் அந்த மனுசன். இனியாவது ஒருத்தரிட்டயும் கதைக்காதையும்." வெட்கமாகிவிட்டது. இனி உயிரே போனாலும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஹாலில் திரைகளை இழுத்துவிட்டு மதியத்தை இருட்டாக்கினார்கள். ரூய் தோளில் கறுப்பு அங்கியோடு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கை பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போடப் பார்த்தது, பாட்டு அதற்குச் சிக்காமல் கனவில் படி இறங்குவதுபோல நழுவிக்கொண்டே போனது. முடிந்ததும் ஹாலே கைதட்டியது. துவார்த்தே தட்டவில்லை, தொண்டையை இரண்டு முறை செருமினார். ஷெட் குளிர் ஆளைப் பிடித்துவிட்டது என்று நினைத்து, கைப்பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கச்சேரி கேட்டு வளர்ந்த குடும்பம், யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் எங்கள் கை பைக்குள் போய்விடும். அவர் கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"எங்க ஊர்ல இந்தப் பாட்டுக்குக் கை தட்டமாட்டோம். நல்லா இருந்தா இப்படித்தான் செருமுவோம்."

அடுத்த பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன அமைதி இருந்தது. அதில் மறுபடி செருமினார். மேடையில் ரூய் சட்டென்று கண்ணைத் திறந்தார். புருவத்துக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் தேடினார். அடுத்த பாட்டுக்குக் கிதார் தொடங்கிய பிறகும் அவருக்குப் பாட்டு வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், பக்கத்து நாற்காலி காலி. தேடட்டும் என்று சொன்னவருக்கு, தேடியதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ரூய் நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார். "இங்க செருமினது யாரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேட்காதவர்களுக்குக்கூட எல்லாவற்றையும் சொல்லுகிறவள் நான். அன்றைக்கென்று பார்த்து வாக்கைக் காப்பாற்றினேன்.

"நான்தான். ரெண்டு நாளா சளி."

சாட்சிக்குக் கற்கண்டுப் பொட்டலத்தை வேறு எடுத்துக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை துவார்த்தே பெல்ட்டைப் பார்த்தபடியே, "தேடினானா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். நல்லது என்றார். மறுநாள் அவர் வலது கையில் ஒரே ஒரு கையுறைதான் இருந்தது.

அந்த சீசன் முடிந்ததும் தெற்கே எங்கோ போய்விட்டார். அவர் கொடுத்த போன் நம்பர் இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் வரிசையாகப் புது வீடுகள், கிளென் ஈடன் ஹாலையும் இடித்துவிட்டதாகக் கேள்வி. இந்த வாரம் தேடித் துழாவியதில், அந்த மதியக் கச்சேரியைப் பதிவு செய்து இணையத்தில் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இரண்டாவது பாட்டு முடியக் காத்திருந்தேன். பாட்டு முடிந்தது, உடனே கைதட்டல் வந்துவிட்டது. நடுவில் எதுவும் இல்லை, அந்த அமைதியையும் செருமலையும் சுத்தமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்ள? அது வெறும் சளி என்று சொன்னது நான்தானே.